பழைய காரைக் கல்யாணத்துக்குக் கொடுக்கும் முன்: நெல்லைச் சீமைக்கு ஒரு சட்ட வழிகாட்டி

ஆவணி பிறந்ததும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். “அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க அம்பாசிடரை ஒரு நாளைக்குக் குடுங்க. பெட்ரோல் நான் போட்டுக்கிடுதேன்.” கல்யாணம் மட்டுமல்ல. சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக, அறுபதாம் கல்யாணத் தம்பதியைக் கோயிலுக்கு அழைத்துப் போக, பள்ளி நூற்றாண்டு விழாவில் வாசலில் நிறுத்த என்று பல காரணங்கள். கேட்பவரும் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார், கொடுப்பவரும் அப்படித்தான் கொடுக்கிறார். ஆனால் வண்ணாரப்பேட்டை சிக்னலில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும்போதோ, யார் மீதாவது இடித்துவிடும்போதோ, அந்த நல்லெண்ணத்தைக் காகிதத்தில் காட்டச் சொல்வார்கள்.

முதன்முறையாகக் காரைக் கொடுக்கப்போகிறவர்களுக்கும் கேட்டு வாங்கப்போகிறவர்களுக்குமான வழிகாட்டி இது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கான்டெசா, பழைய வில்லிஸ் ஜீப் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்.

முதல் கேள்வி: காசு கைமாறுகிறதா?

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஓன் போர்டு வண்டியில், அதாவது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள வண்டியில், காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் அந்த நேரத்துக்கு அது வாடகை வண்டி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பெர்மிட் இல்லாமல் அப்படி ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் 192ஏ பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. இரண்டாம் தடவை என்றால் சிறை ஓராண்டு வரை போகலாம். அபராதத்தைவிடப் பெரிய தலைவலி 207-ஆம் பிரிவு. பெர்மிட் இல்லாமல் ஓடுகிறது என்று பிரேக் இன்ஸ்பெக்டருக்கோ காவல்துறைக்கோ தோன்றினால் வண்டியை அங்கேயே பிடித்துவைக்கலாம். மணப்பெண் பட்டுப்புடவையோடு ரோட்டில் நிற்க வேண்டிவரும்.

“வாடகை வாங்கவில்லை, பெட்ரோல் காசுதான் வாங்கினோம்” என்பது பலரும் சொல்லும் பதில். பெட்ரோல் காசுக்கென்று சட்டத்தில் தனி விலக்கு எதுவும் இல்லை. வாடகை, அன்பளிப்பு, பராமரிப்புச் செலவு என்று எந்தப் பெயர் வைத்தாலும், ஆளை ஏற்றியதற்குப் பதிலாக உரிமையாளர் கைக்கு வந்த பணமா என்றுதான் பார்ப்பார்கள். சும்மா கொடுப்பதென்றால் முழுக்கச் சும்மா கொடுங்கள். டேங்கை நிரப்பியே கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சுத்தம். அதற்கு மனம் வரவில்லை என்றால் கல்யாண வீட்டாரே பெட்ரோல் பங்கில் நேரடியாகக் காசு கட்டிப் பெட்ரோல் போட்டு, ரசீதைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஜிபே கணக்கில் 8,000 வந்து, குறிப்பில் ‘கார்’ என்று எழுதியிருந்தால் அதை வாடகை இல்லை என்று நிரூபிப்பது சிரமம்.

விளம்பரமும் அப்படித்தான். விசிட்டிங் கார்டில் ‘கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று அடித்துவிட்டு, பிடிபடும்போது சொந்தக்காரர் கல்யாணம் என்றால் எடுபடாது. இன்ஸ்டாகிராமில் போட்ட விலைப்பட்டியலும் சாட்சிதான்.

சட்டப்படி திறந்திருக்கும் வழிகள்

முதல் வழி, உறவுக்கும் நட்புக்கும் பைசா வாங்காமல் இரவலாகக் கொடுப்பது. பெரும்பாலானோருக்கு இதுவே சரி. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் இதைப் பற்றித்தான்.

இரண்டாவது, காரை நிறுத்திவைக்கக் கொடுப்பது. வண்டியை நீங்களோ உங்கள் டிரைவரோ வெறும் வண்டியாக ஓட்டிப்போய் மண்டபக் காம்பவுண்டுக்குள் நிறுத்துகிறீர்கள். பொண்ணு மாப்பிள்ளை அதில் சாய்ந்து நின்றும் உட்கார்ந்தும் படம் எடுக்கிறார்கள், வண்டி நகர்வதில்லை. இங்கே ஆளை ஏற்றிச் செல்வது இல்லை என்பதால் பெர்மிட் கேள்வி எழாது. காட்சிக்கு வைத்ததற்கான கட்டணம் என்று பில் எழுதிக் காசு வாங்கலாம். அது உங்கள் வருமானம், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சேவை வருவாய் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். “சும்மா ரெண்டு தெரு சுத்திட்டு வந்துருவோம்” என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அந்த இரண்டு தெருவில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் உடைகிறது.

மூன்றாவது, டி போர்டாக, அதாவது மஞ்சள் பலகை வாடகை வண்டியாக மாற்றுவது. காகிதத்தில் வழி உண்டு, நடைமுறையில் பழைய காருக்குப் பொருந்தாது. பெர்மிட், வேறு வரி, வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ், வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி, அவசர பொத்தான் எல்லாம் வேண்டும். 8 வயது தாண்டிய வாடகை வண்டி ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். ஓட்ட வருபவரிடமே வண்டியை வாடகைக்குக் கொடுக்கும் 1989-ஆம் ஆண்டு ரென்ட்-எ-கேப் திட்டத்துக்கோ குறைந்தது 50 வண்டி வேண்டும். ஒற்றைப் பத்மினி வைத்திருப்பவர் இந்தப் பக்கம் யோசிக்க வேண்டியதில்லை.

காசு கொடுத்தே தீருவோம் என்கிற கல்யாண வீட்டாருக்கு நாங்கள் சொல்வது: பெண்ணை ஒரு டி போர்டு இன்னோவாவில் மண்டபம் வரை அழைத்து வாருங்கள். பழைய கார் பந்தலுக்குக் கீழே அலங்காரத்தோடு காத்திருக்கட்டும். படத்தில் வித்தியாசம் தெரியாது.

50 வயது தாண்டிய கார்: விண்டேஜ் பதிவு ஒரு பொறி

இதில் புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். படிவம் 20-இல் அரசின் பரிவாகன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நடுவில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் வரும்.

கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குப் போய்வருவது மட்டுமே அனுமதி. மாப்பிள்ளை அழைப்பு இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே காரை நாலு நல்லது கெட்டதுக்குக் கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால், அவசரப்பட்டு விண்டேஜ் பதிவுக்குப் போகாதீர்கள். 50 வயது நிறைந்ததாலேயே கார் தானாக விண்டேஜ் ஆகிவிடாது, நாம் விண்ணப்பித்து வாங்குவதுதான். சாதாரணப் பதிவையே ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். ஏற்கெனவே விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டீர்கள் என்றால், விழாவில் நிறுத்திவைக்க மட்டும், அதுவும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குங்கள்.

ஆர்.சி. புக்கைப் பிரித்துப் பாருங்கள்

கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இதைச் செய்ய வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பார்த்தால் எதையும் சரிசெய்ய முடியாது.

முதலில் பெயர். பழைய கார்களில் பாதி வில்லங்கம் இங்கேதான். தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். இல்லாவிட்டால் கோவில்பட்டியில் யாரிடமோ வாங்கி, படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. விற்றுக் கைகழுவியவருக்கு வழக்கு, வாங்கியவருக்கு இன்சூரன்ஸ் சிக்கல் என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து அலையும்.

அடுத்தது தேதி. முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் திருத்தத்தில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அதற்கு முன் 5,000 தான். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பதிவு காலாவதியான காரை ரோட்டில் எடுத்தால் பதிவில்லாத வண்டி ஓட்டிய கணக்கில் 192-ஆம் பிரிவு, முதல் தடவை 5,000 வரை. அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. சேதத்துக்கான கிளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

புகைச் சான்றிதழ் பழைய காருக்கு 6 மாதம்தான் செல்லும். பழைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில், அதாவது நின்றபடி என்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சோக்கை இழுத்துவிட்டு வந்த வேகத்தில் சோதனைக்கு நிறுத்தினால் அம்பாசிடர் தேறாது. கால் மணி நேரம் ஓட்டி என்ஜின் சூடான பிறகு, சோக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அப்படியும் தேறவில்லை என்றால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று பொருள். மிக்சர் ஸ்குரூவை மெக்கானிக்கிடம் சரிசெய்யச் சொல்லுங்கள்.

காகிதங்களை எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் காட்டினாலும் செல்லும். ஆனால் பழைய மூன்றெழுத்து எண் உள்ள வண்டிகள் சில கணினியில் ஏறாமலே இருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஆர்.சி. புக்கோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் ஏற்றச் சொல்ல வேண்டும். கையோடு உங்கள் செல் நம்பரையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ்: பாலிசியின் இரண்டாம் பக்கம்

எல்லோரும் முதல் பக்கத்தில் தேதியை மட்டும் பார்ப்பார்கள். ‘லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும், அதை வாசியுங்கள். வாடகைக்கோ சன்மானத்துக்கோ ஓட்டும்போது, சரக்கு ஏற்றும்போது, பந்தயத்தில் ஓடும்போது இந்தப் பாலிசி செல்லாது என்று எல்லாச் சொந்தக் கார் பாலிசியிலும் அச்சிட்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவும் அதையே கம்பெனிக்கு ஒரு தற்காப்பாகக் கொடுத்திருக்கிறது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடியது என்று நிரூபித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். விபத்து இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு கிடையாது. வீடு போகும். 5,000 ரூபாய் ‘பெட்ரோல் காசு’ வாங்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, காருக்குள் உட்காருபவர்கள். பழைய கார்க்காரர்கள் செலவைப் பார்த்துத் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுவைப்பார்கள். அந்தப் பாலிசியில் ரோட்டில் நடப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு, காருக்குள் சும்மா பயணிக்கும் பொண்ணு மாப்பிள்ளைக்கு இல்லை. முழுப் பாலிசி இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள காரை ஆளேற்றிச் செல்லக் கொடுக்காதீர்கள், நிறுத்திவைக்க மட்டும் கொடுங்கள். பல கம்பெனிகள் 15 வயது தாண்டிய காருக்கு முழுப் பாலிசி தரத் தயங்கும். நாலு இடத்தில் கேட்க வேண்டும், வண்டியைக் காட்டிப் படம் எடுக்க விட வேண்டும்.

முழுப் பாலிசி போடும்போது மதிப்பைப் பேசி எழுதுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட காருக்குத் தேய்மானப் பட்டியல் கிடையாது, கம்பெனியும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் தொகைதான். பெயின்ட், சீட், க்ரோம் வேலை செய்த பில்களையும் நாலு பக்கப் படங்களையும் கொடுத்தால் நியாயமான தொகை ஏறும். கொடுக்காவிட்டால் இரும்பு விலைக்குப் போட்டுவிடுவார்கள். டிரைவருக்கான பொறுப்பு ஆண்டுக்கு 50 ரூபாய்தான். கூலிக்கு டிரைவர் வைத்து ஓட்டும் வண்டிக்கு அது கட்டாயம் இருக்கட்டும். காரை விழாவில் காட்சிக்கு வைத்துக் காசு வாங்குவதாக இருந்தால், கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்ன “அதெல்லாம் கவர் ஆயிரும் சார்” கிளெய்ம் மேசையில் நிற்காது.

ஸ்டியரிங்கில் யார்?

எங்கள் பதில்: நீங்கள், அல்லது அந்தக் காரை ஓட்டிப் பழகிய உங்கள் டிரைவர். வேறு யாரும் வேண்டாம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் இருக்கும் அம்பாசிடரை இந்தக் காலத்துப் பையன் எவனும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டான். பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம், பூஸ்டர் கிடையாது. ஸ்விஃப்ட் ஓட்டும் காலுக்கு அது பிடிக்காதது போலவே இருக்கும். ஈரடுக்கு மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரிந்து பயனில்லை.

சட்டமும் உங்களையே பிடிக்கும். லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்தால் 180-ஆம் பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. 18 நிறையாத பையன் எடுத்தால் 199ஏ: 25,000 ரூபாய், மூன்று ஆண்டு வரை சிறை, பதிவு 12 மாதத்துக்கு ரத்து. மாப்பிள்ளையின் தம்பி, “மச்சான், ஒரு ரவுண்டு” என்று சாவி கேட்கும் இடம் கல்யாண வீடு. சாவி டிரைவர் சட்டைப் பையை விட்டு வெளியே வரக் கூடாது. முந்தின இரவு மண்டபத்தில் தங்கும் டிரைவருக்கு யாரும் ஊற்றிக்கொடுக்காமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்புதான். குடித்து ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

பேட்டா உங்கள் டிரைவருக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டார் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தால் அது மரியாதை, வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பக்கக் கடிதம்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பொருளை இரவல் கொடுப்பதற்கு 148-ஆம் பிரிவு முதல் விதிகள் இருக்கின்றன. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது. அதில் வர வேண்டியது:

“எனது அம்பாசிடர் காரை, தங்கள் மகன் திருமணத்துக்காக, ஆவணி மாதம் இன்ன தேதி காலை 4 மணி முதல் மதியம் 2 மணி வரை, வாடகையோ வேறு எந்தப் பிரதிபலனோ பெறாமல், என் டிரைவருடன் தருகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுன் வரை போய்வர மட்டும். கிலோமீட்டர் இப்போது இவ்வளவு. டிரைவருடன் சேர்த்து ஐந்து பேருக்கு மேல் ஏறக் கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. காரில் உள்ள குறைகள்: இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது, நின்று நின்று போனால் என்ஜின் சூடாகும்.”

குறைகளை எழுதுவதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 150-ஆம் பிரிவின்படி, தெரிந்த குறையைச் சொல்லாமல் கொடுத்து அதனால் கெடுதல் நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையது. வாடகைக்குக் கொடுத்த பொருள் என்றால் உங்களுக்கே தெரியாத குறைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வாங்குபவர் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனிக்க வேண்டும் என்கிறது 151. பாளையங்கோட்டைக்கு என்று வாங்கிவிட்டுத் திருச்செந்தூருக்கு ஓட்டிப்போனால், வழியில் நேரும் சேதம் அவர் தலையில் என்கிறது 154. அதனால்தான் வழியை எழுதச் சொல்கிறோம். பிரேக்கில் சந்தேகம் இருந்தால் அதை எழுதிவைத்துக் கொடுக்கக் கூடாது, காரையே கொடுக்கக் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு ‘பிரதிபலன் இல்லாமல்’ என்று எழுதுவது பாதுகாப்பல்ல. பொய்க் கடிதம் வழக்கில் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

அலங்காரம்

நம்பர் பிளேட்டின் மேல் மாலை தொங்கக் கூடாது, முன்னும் பின்னும். ‘மணமக்கள் வாழ்க’ போர்டை நம்பர் மேல் ஒட்டுவதும் இதே தப்புதான். முன் கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் பூ வரலாம், டிரைவர் பார்வைக்கு நேரே எதுவும் வேண்டாம். வெயிலுக்காகக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்வார்கள், 2012-இலிருந்து உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்திருக்கிறது. பல இசை ஹாரன் வேண்டாம். வெள்ளை அம்பாசிடர் என்றதும் சைரன் விளக்கு வைத்துப் படம் எடுக்க ஆசை வரும். 2017 மே முதல் அமைச்சருக்கே அது கிடையாது. காரில் தேசியக் கொடி பறக்கவிடுவதும் கொடி விதிகளில் பெயர் சொல்லப்பட்ட பதவிகளுக்கு மட்டுமே உரியது. அதனால் சுதந்திர தின விழாவுக்குக் கொடுத்தாலும் பானட்டில் கொடிக்கம்பி வேண்டாம்.

பூக்காரரிடம் முன்பே சொல்ல வேண்டியது இன்னொன்று: முன் கிரில்லை மூடக் கூடாது. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி அது. ரதவீதியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தால், என்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் விசிறி போதாது. கிரில்லில் சாமந்தி மாலை திரையாகத் தொங்கினால் கால் மணி நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்பில் நிற்கும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வண்டி இருமி நின்றுவிடும். ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் போட்டு ஆறவிட்டால்தான் கிளம்பும். ஐந்து லிட்டர் தண்ணீர், மாற்று ஃபேன் பெல்ட், இரண்டு பழைய துணி டிக்கியில் இருக்கட்டும். சூடான ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரத்தித் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தத் தண்ணீரை இறங்கும் வாசலில் சுற்றிவிட்டுப் பாசத்தோடு பானட்டிலேயே பொட்டு வைப்பார்கள். பழைய பெயின்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும், பாலிஷ் போட்டாலும் போகாது. சக்கரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கற்பூரமும் தரையில்தான். சரவெடி பத்தடிக்குள் வரக் கூடாது. பழைய கார்ப்பரேட்டர் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வாசத்தோடுதான் இருக்கும்.

ஊர்வலமும் வழியும்

மேளம், ஆட்டத்தோடு ரோட்டை மறித்துப் போவதென்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நேரமும் வழியும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது கல்யாண வீட்டார் வேலை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. கதவைத் திறந்துவைத்து நின்றுகொண்டு வருவது, பானட் மேல் மாப்பிள்ளையை உட்காரவைப்பது இரண்டும் ஆபத்தான ஓட்டுதலாகப் போய் முடியும்.

சுலோச்சன முதலியார் பாலத்தில் காலை ஒன்பது மணிக்கு மாட்டினால் முகூர்த்தம் போய்விடும். ஏழு மணிக்குள் ஆற்றைக் கடந்துவிடுகிற மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் போவதென்றால் பாஸ்டேக் வேண்டும். பழைய காரில் பெரும்பாலும் ஒட்டியிருக்க மாட்டார்கள். செங்கோட்டையைத் தாண்டி கேரளாவுக்குள் கொடுப்பதைத் தவிர்க்கலாம். வெள்ளைப் பலகையில் வாடகை ஓட்டுவதை அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்கள், கடிதத்தைக் காட்டி விளக்குவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். குற்றாலச் சாரல் நேரத்தில் ஈரமான டிரம் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். தண்ணீரில் இறங்கி ஏறியதும் மெதுவாக இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்த வேண்டும்.

இடித்துவிட்டால்

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது முதல் வேலை, 108-ஐக் கூப்பிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு டிரைவருக்கு விதிக்கும் கடமை அது. கூட்டம் அடிக்க வந்தாலொழிய இடத்தை விட்டு ஓடக் கூடாது. ஓட நேர்ந்தாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே எழுத்தில் சொல்லுங்கள். கல்யாண வீட்டார் சங்கடப்பட்டு, “நாங்க பாத்துக்கிடுதோம்” என்று அங்கேயே காசு கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். கையெழுத்தில்லாத அந்தச் சமாதானம் ஆறு மாதம் கழித்து நெல்லை நீதிமன்றத்திலிருந்து உங்கள் பெயருக்கு நோட்டீசாக வரலாம். காவல் நிலையத்தில் பதிந்துவிடுங்கள்.

வண்டி திரும்பி வந்ததும்

வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். டேப் ஒட்டிய இடங்களை வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். கிரில்லுக்குள் சிக்கிய இதழ்களைக் கையால் பொறுக்குங்கள். கிலோமீட்டரைக் கடிதத்தோடு ஒப்பிட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஈ-சலான் ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கேமரா பிடித்த சலான் ஆர்.சி.யில் பதிந்த செல்லுக்குத்தான் வரும். அந்த எண் பழைய உரிமையாளருடையது என்றால், சலான் வந்ததே தெரியாமல் அடுத்த புதுப்பிப்பின்போது கவுண்டரில் நிற்க வேண்டியிருக்கும்.